டேயஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் – இப்போது வாங்கி ஆடலாமா?

பழனி வாசகர், அக்டோபர் 9, 2024

அண்ணா, ஹியூமன் ரெவல்யூஷன் கம்ப்யூட்டர் கேமின் டைரக்டர்ஸ் கட் தள்ளுபடியில் வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். பாஸ் சண்டை (பெரிய எதிரியோடு தனியாக மோதுகிற இடம்) மோசம், திரை முழுக்க மஞ்சள், முகங்கள் மரக்கட்டை என்று கூட இருக்கிறவர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்குக் கதைதான் முக்கியம். இருட்டான கதையானாலும் பரவாயில்லை. இத்தனை வருடம் கழித்து இதை ஆடலாமா?

அக்டோபர் 9, இரவு

ஆடலாம். லேப்டாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 2011 ஆகஸ்டில் வந்த கேம், அதற்கு 2013-ல் போட்ட திருத்திய பதிப்புதான் டைரக்டர்ஸ் கட். நிழலையும் தெளிவையும் குறைத்து வைத்தால் ஓடிவிடும். என் கடையில் ஆதார் திருத்தத்துக்கும் இ-பாஸ் எடுக்கவும் வைத்திருக்கிற சாதாரண மெஷினிலேயே ஓடுகிறது.

நண்பர்கள் சொன்ன மூன்றில் பாஸ் சண்டையும் முகங்களும் உண்மை. மஞ்சள் எனக்குக் குறையாகவே படவில்லை. ஆனால் இந்தக் கேமின் பெரிய பலவீனம் அந்த மூன்றிலும் இல்லை. அதை நிதானமாக எழுத வேண்டும். இங்கே கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் சாயங்காலத்திலிருந்து மழை, கரண்ட் வந்து வந்து போகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 10

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

கதை நடப்பது 2027-ல். டெட்ராய்ட்டில் செயற்கை உடலுறுப்பு செய்கிற சாரிஃப் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம். அதன் காவல் பொறுப்பாளர் ஆடம் ஜென்சன். ஆய்வுக்கூடத்தில் ஒரு தாக்குதல் நடக்கிறது, ஜென்சன் செத்துப் பிழைக்கிறான். அவன் நினைவின்றிக் கிடக்கும்போதே நிறுவனம் கைகளை எடுத்துவிட்டு இயந்திரக் கைகளை வைத்துவிடுகிறது. கண்ணையும் மாற்றிவிடுகிறது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்புகிறான். வந்ததும் முதல் வேலை: கம்பெனியின் தொழிற்சாலை ஒன்றை ஆயுதக் கும்பல் பிடித்து வைத்திருக்கிறது, உள்ளே பிணைக் கைதிகள்.

உடனே கிளம்பு என்கிறார் முதலாளி. நாம் என்ன செய்வோம்? கேம் ஆடிய பழக்கம், அலுவலகத்தைச் சுற்றுவோம். மேசை மேசையாக மெயில் படிப்போம், டிராயரைத் திறப்போம். முதலாளி மறுபடி கூப்பிடுவார். எல்லா கேமிலும் அவசரம் என்றுதான் சொல்வார்கள் என்று விட்டுவிடுவோம். ரொம்ப நேரம் சுற்றினால், அங்கே போய்ச் சேரும்போது கைதிகள் செத்திருப்பார்கள்.

திரையில் கடிகாரம் ஓடாது. எச்சரிக்கை வராது. முதலாளி சொன்னது உண்மை, அவ்வளவுதான். முதல் தடவை எனக்கு இது நடந்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். மிரட்டாமல், அறிவிக்காமல் நம்மிடமிருந்து விலையை வாங்கிக்கொள்கிற கேம் இது. அப்படி வாங்கிக்கொள்கிற இடங்களிலெல்லாம் இதற்கு ஈடு சொல்ல எனக்கு அதிகம் தெரியாது.

அக்டோபர் 10, மறுபடி

ஒன்று விட்டுப்போயிற்று. ஜென்சனின் வீட்டைக் கட்டாயம் பாருங்கள். குளியலறைக் கண்ணாடி உடைந்திருக்கும். மேசை மேல் பிரித்துப் போட்ட கடிகாரங்கள், சின்னச் சின்னப் பற்சக்கரங்கள். புதுக் கைகளுக்கு நுணுக்க வேலை பழக்கப்படுத்துகிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே புரிந்துகொள்வோம். முகம் மரக்கட்டையாக இருந்தாலும் அந்த அறை பேசிவிடுகிறது.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தாயிற்று. சரி, இடங்களின் அமைப்பு.

டெட்ராய்ட் போலீஸ் நிலையத்தில் பிணவறைக்குள் போயாக வேண்டும். வாசல் மேசையில், ஜென்சன் போலீஸில் இருந்தபோது கூட வேலை செய்த வெய்ன் ஹாஸ் உட்கார்ந்திருப்பான். அவனிடம் பேசி அனுமதி வாங்கலாம். சாக்கடை வழியாகக் கீழ்த்தளத்துக்கு ஏறலாம். பின்பக்கச் சந்திலிருந்து மேலே ஏறி காற்றுக்குழாய்க்குள் நுழையலாம். துப்பாக்கியோடு உள்ளே போகவும் கேம் தடுக்காது. நான்கும் நான்கு விதமான இரவு.

இதில் ஹாஸோடு பேசுவதுதான் உச்சம். ஒரு பையனைச் சுடச் சொல்லி வந்த உத்தரவை ஜென்சன் மறுத்தான், ஹாஸ் சுட்டான். அந்தக் குற்ற உணர்ச்சியை எப்படித் தொடுகிறோம் என்பதில்தான் கதவு திறப்பதும் மூடுவதும் இருக்கிறது. அவன் முகத்தையும் குரலையும் கவனித்து அடுத்த வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேசி உள்ளே போய்விட்டால் பிற்பாடு அவனுக்கு வேலை போய், நம் குடியிருப்புக் கட்டடத்திலேயே வந்து நிற்பான். நாம் சாமர்த்தியம் என்று நினைத்தது அவனுக்கு எப்படி முடிந்தது என்று நேருக்கு நேர் கேட்பான். துப்பாக்கிச் சண்டை எதுவும் எனக்கு இவ்வளவு பதற்றம் கொடுத்ததில்லை.

மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி: எந்த இடத்திலும் சேவ் செய்துகொள்ளலாம். சோலைக்காட்டு மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்தால் இங்கே ராத்திரி முழுக்க இருட்டுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் பொத்தானைத் தட்டுவது எனக்குக் கை வழக்கமாகிவிட்டது.

அக்டோபர் 13

விடுமுறைக் கூட்டம் இறங்கிவிட்டது. நேற்று முழுக்க இ-பாஸ் எடுக்காமல் மேலே வந்த வண்டிக்காரர்களோடு போராட்டம், எழுத முடியவில்லை.

இப்போது குறை. சின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

உன் விருப்பப்படி ஆடு என்று சொல்லிவிட்டு, கேம் பின்பக்கமாக மார்க் போடுகிறது. யார் கண்ணிலும் படாமல் ஒரு வேலையை முடித்தால் 500 புள்ளி. அலாரம் அடிக்காமல் முடித்தால் 250. எதிரியைக் கொல்லாமல் வீழ்த்தினால் கொல்வதைவிடக் கூடுதல். 5000 புள்ளி சேர்ந்தால் ஒரு பிராக்சிஸ், அதை வைத்துத்தான் உடம்பில் புதுத் திறனைத் திறக்க முடியும். ஆக, துப்பாக்கியோடு ஆடுகிறவன் மெதுவாக வளர்கிறான், ஒளிந்து ஆடுகிறவன் வேகமாக வளர்கிறான்.

இதைவிட மோசம் ஹேக்கிங். ஒரு கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை யாரோ ஒருவருடைய மேசையில் தேடிக் கண்டுபிடிக்கிறோம். நல்ல துப்பறிவு வேலை. ஆனால் அதைத் தட்டித் திறந்தால் ஹேக்கிங்குக்கான புள்ளி கிடையாது. உடைத்துத் திறந்தால் உண்டு. அதனால் சொல் கையில் இருந்தும் உடைத்துக்கொண்டே இருப்போம். காற்றுக்குழாயைக் கண்டுபிடித்தாலும் புள்ளி உண்டு என்பதால், கதவு வழியாக உள்ளே போன பிறகும் வெளியே வந்து குழாய்க்குள் ஊர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கடைக்கு வரும் பையன்கள் எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஜென்சன் ஏன் அப்படிச் செய்வான்? செய்ய மாட்டான். அந்த இடத்தில் அவன் மறைந்து கணக்குப்பிள்ளை ஒருவன் மிஞ்சுகிறான்.

அக்டோபர் 13, இரவு

கோத்தகிரி நண்பர், கேமில் பொருட்களை வைத்துக்கொள்கிற பை எப்படி என்று கேட்டிருக்கிறார். கட்டம் போட்ட பெட்டி. பூம்பாறை பஸ்ஸின் கூரையில் பூண்டு மூட்டை அடுக்குவதைப்போல ஒவ்வொரு துப்பாக்கியையும் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். எனக்குப் பிடிக்கும். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசிக்க வைக்கிறது.

மஞ்சளைப் பற்றி: கறுப்பும் பொன்னும் என்று அவர்கள் வேண்டுமென்றே எடுத்த நிறம். மனிதத்துக்குப் பொன், இருண்ட எதிர்காலத்துக்குக் கறுப்பு. டைரக்டர்ஸ் கட்டில் அந்தப் பொன் பூச்சைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

அக்டோபர் 16

பெரிய குறை இதுதான். நீளமாக எழுதப்போகிறேன்.

இந்த உலகத்தில் செயற்கை உறுப்பு வைத்துக்கொண்டால் உடம்பு அதை ஏற்காது. நரம்போடு சேரும் இடத்தில் திசு படிந்து இணைப்பை அடைத்துவிடும். அதைத் தடுக்க நியூரோபோசின் என்ற மருந்தை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து விலை அதிகம். வேலைக்காகக் கை மாற்றிக்கொண்டவர்கள் வேலை போனதும் மருந்துக்கு வழியில்லாமல் தெருவில் நிற்கிறார்கள். டெட்ராய்ட் சந்துகளிலும் ஹெங்ஷாவின் கீழ்நகரத்திலும் அவர்களைப் பார்ப்போம். ஹெங்ஷா இரண்டு அடுக்கு நகரம். மேலே வசதியானவர்கள், அந்தத் தட்டுக்குக் கீழே வெயிலே விழாத ஊர்.

உடம்பையே கம்பெனியிடம் கடனாக வைத்த மனிதர்கள். இதைவிட இருட்டான, இதைவிட நிஜமான ஒரு யோசனையை ஆக்‌ஷன் கேம்களில் நான் பார்த்ததில்லை. கொடைக்கானலில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாம்பார் சோலைக்கு மேலே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. கம்பெனி முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்படிக்கைக்கு வந்தது 2016-ல். இடையில் பதினைந்து வருடம். அந்தத் தெருக்களில் வளர்ந்தவன் நான். வேலை செய்த இடம் உடம்புக்குள் வந்துவிட்டது என்ற பயத்தோடு வாழ்ந்தவர்களின் வீட்டு வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் நியூரோபோசின் வரும் முதல் உரையாடலிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சரி, இந்த மருந்துக்கு நாமும் அலையப்போகிறோம், எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் தேடப்போகிறோம் என்று நினைத்தேன்.

ஜென்சனுக்கு அந்த மருந்தே தேவையில்லை.

அவன் உடம்பு அபூர்வமானது, எந்த உறுப்பையும் தள்ளாது, அவனுடைய மரபணுவை வைத்துத்தான் சாரிஃப் விஞ்ஞானி மேகன் ரீடின் ஆராய்ச்சியே நடந்தது என்று கதை சொல்கிறது. மர்மக்கதைக்கு இது நல்ல முடிச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆடுகிறவன் கையிலிருந்து மொத்த பயத்தையும் பிடுங்கிவிட்டார்கள். உலகத்தில் எல்லோரும் மருந்துக்குச் சாகும்போது நாம் சாக்லேட் பட்டை தின்று இயந்திர உறுப்புகளின் பேட்டரியை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேட்டரியாவது அர்த்தத்தோடு இருக்கிறதா என்றால், கையால் ஒருவனை வீழ்த்தவே பேட்டரியில் ஒரு கட்டம் செலவு. 2011 பதிப்பில் முதல் கட்டம் மட்டும்தான் தானாக நிரம்பும். அதனால் ஒருவனை அடித்துவிட்டு மூலையில் ஒதுங்கி, அது நிரம்பும்வரை காத்திருப்பதுதான் ஆட்டமாகிறது. அந்தக் காத்திருப்பில் பயமும் இல்லை, கதையும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு விதி: இத்தனை மணி நேரத்துக்கு ஒரு ஊசி. கிடைக்காவிட்டால் கை நடுங்கும், கண் மங்கும். வீட்டுக் கதவுக்கு வெளியே ஒருவர் அதே ஊசிக்குக் கெஞ்சுகிறார். ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. இந்தக் கேமுக்குள் அந்தக் காட்சிக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. அது மட்டும் நடக்கவில்லை.

அக்டோபர் 17

பழனித் தம்பி கேட்கிறார்: ஊசி விதி வைத்தால் ஆடுகிறவர்களுக்கு எரிச்சல் வராதா, சுற்றிப் பார்க்கவே முடியாதே என்று.

நியாயமான கேள்வி. கடிகாரத்தை ஓடவிட்டால் மெயில் படிக்க மாட்டோம், அறைகளைப் பார்க்க மாட்டோம். ஜென்சனின் வீட்டை நானே ஓடிக் கடந்திருப்பேன். மணிக்கணக்கு விதியை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு புதுத் திறனையும் திறக்கும்போது மருந்துத் தேவையும் ஏறுகிறது என்று வைத்திருக்கலாம். அப்போது வலுவாவதற்கும் அடிமையாவதற்கும் ஒரே பொத்தானாகியிருக்கும். எனக்கு அது போதும்.

அக்டோபர் 20

பாஸ் சண்டை. சுருக்கமாக.

2011-ல் வாங்கினவர்கள் புள்ளியையெல்லாம் ஒளிவதிலும் ஹேக்கிங்கிலும் போட்டுவிட்டு, பாரெட் என்கிற மலையளவு ஆளோடு ஓர் அறைக்குள் அடைபட்டார்கள். பேசவும் முடியாது, ஒளிந்து தாண்டவும் முடியாது, கொல்ல வேண்டும். அந்தச் சண்டைகளை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் செய்ததாகப் பிற்பாடு தெரிய வந்தது. ஆடும்போதே அது தெரிந்தது. அந்த அறைக்குள் போனதும் கேமின் குணமே மாறிவிடும்.

டைரக்டர்ஸ் கட்டில் அறைகளைப் பெரிதாக்கி, காற்றுக்குழாயும் ஹேக் செய்யக் கம்ப்யூட்டரும் எந்திரத் துப்பாக்கிகளும் வைத்தார்கள். சுடாமலே முடிக்கலாம். ஆனால் பாரெட் செத்துத்தான் ஆக வேண்டும். அங்கே தேர்வு இன்னும் இல்லை. பலவீனம் பாதி சரியாயிற்று என்பேன். நீங்கள் வாங்கப்போவது இந்தப் பதிப்பு என்பதால் நண்பர்கள் பயமுறுத்திய அளவுக்கு இருக்காது.

அக்டோபர் 21

இதில் கதை உடையும். வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்.

மாலிக். ஜென்சனை ஊர் ஊராகக் கொண்டுபோகிற விமானி. ஹெங்ஷாவுக்கு இரண்டாவது தடவை வரும்போது விமானத்தைச் சுட்டு இறக்கிவிடுவார்கள். சுற்றிலும் கூலிப்படை. நீ போய்விடு என்று அவளே சொல்கிறாள். போக வழியும் திறந்திருக்கிறது. அவளைக் காப்பாற்று என்று திரையில் எந்தக் குறிப்பும் வராது. நின்றால் காப்பாற்ற முடியும், நேரம் குறைவு, கடினம். போய்விட்டால் அவளுடைய உடலைப் பிற்பாடு உறுப்புத் திருடர்களின் இடத்தில் காணலாம்.

யாரையும் கொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் விரதத்தை முறித்துவிட்டேன், வருத்தமும் இல்லை.

அடுத்தது உயிர்ச்சில்லு, அதாவது செயற்கை உறுப்புகளுக்காக உடம்புக்குள் வைக்கிற சிப். கேமின் நடுவில் பார்வை விட்டு விட்டுச் சிதறும். எல்லோருக்கும் அப்படித்தான், மருத்துவமனைக்கு வந்து புதுச் சில்லு வைத்துக்கொள்ளுங்கள் என்று செய்தியில் சொல்வார்கள். மருத்துவமனையில் வரிசை நிற்கும். அங்கேதான் நாம் பிராக்சிஸும் வாங்குகிறோம், ஊழியர்கள் அன்பாகப் பேசுவார்கள். ஏன் வைக்கக்கூடாது? வைத்துக்கொண்டவர்களுக்கு மூன்றாவது பாஸான நாமிர் முன்னால் எல்லாத் திறனும் அணைந்துபோகும். எதிரி ஒரு பொத்தானை அழுத்துகிறார், அவ்வளவுதான்.

ஜென்சனுக்கு இல்லாமல் போன அந்த அடிமைத்தனம் இந்த ஒரு சண்டையில் மட்டும் நம் கைக்கு வருகிறது. 16-ம் தேதி எழுதியதை இதை வைத்து எதிர்க்கலாம் என்று தெரியும். எனக்கு இது வலுவான சாட்சி: இவர்களுக்கு அந்த வித்தை தெரிந்திருக்கிறது, ஒரு தடவைதான் பயன்படுத்தினார்கள்.

அக்டோபர் 22

முடிவு. ஆர்க்டிக் கடலில் பான்கேயா என்ற பெரிய நிலையம். ஒரு அறை, பொத்தான்கள், நான்கு முடிவுகள். எதை வேண்டுமானாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, லோடு செய்து அடுத்ததை அழுத்தலாம். அலுவலகத்தில் சுற்றியதற்கே ஆட்களைக் கொன்ற கேம், உலகத்தின் தலைவிதியை லிஃப்ட் பொத்தான் அழுத்துகிற அளவுக்குச் சுலபமாக்கிவிட்டது. ஜென்சனின் கடைசிப் பேச்சு நன்றாக இருக்கிறது, மைக்கேல் மெக்கேனின் இசை அதைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அக்டோபர் 24

குன்னூர் வாசகி ஒருவர் டெட்ராய்ட் சந்தில் குப்பைத் தொட்டி அருகே நிற்கும் லெட்டீஷியா என்ற கறுப்பினப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்குக் கொடுத்த பேச்சு இழிவாக இருக்கிறது என்கிறார். முழுக்க உடன்படுகிறேன். கேம் வந்த 2011-லேயே அதைக் கண்டித்தார்கள். மருந்தில்லாதவர்களின் வலியைப் புரிந்து எழுதியவர்கள் ஒரு ஏழைப் பெண்ணின் வாயில் அந்தப் பேச்சை வைத்தது எனக்கும் உறுத்துகிறது.

அடுத்த பாகம் கேட்டவருக்கு: 2016-ல் மேன்கைண்ட் டிவைடட் வந்தது. 2029, பிராக் நகரம். தெருக்கள் இதைவிட அழகு, ஒரே ஒரு பாஸ்தான், அவனையும் கொல்லாமல் முடிக்கலாம். கதை மட்டும் பாதியில் நிற்கும். அதற்கடுத்து உருவாகிக்கொண்டிருந்ததை 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது, இவற்றைச் செய்த ஸ்டுடியோ 97 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. ஜென்சன் கதை இனி முடியுமா என்று நினைத்தால் மனது கனக்கிறது.

அக்டோபர் 28

தம்பி வாங்கிவிட்டாராம். எந்தத் திறனை முதலில் எடுப்பது என்று கேட்கிறார்.

முதல் பிராக்சிஸை ஹேக்கிங்கில் போடுங்கள். அடுத்து சுவருக்கு அப்பால் பார்க்கிறது, அப்புறம் பளுவான பெட்டியை நகர்த்துகிற கை. இந்த மூன்று இருந்தால் பாதி ஊர் திறந்துவிடும். பேச்சுத் திறனை நான் எடுப்பதில்லை. எதிராளியின் மனநிலையை அதுவே படித்துச் சொல்லிவிடுகிறது, ஹாஸோடு பேசிய சுகம் போய்விடும். மருத்துவமனையில் ஒரு பிராக்சிஸ் 5000 கிரெடிட்டுக்குக் கிடைக்கும். பணம் சேர்ந்ததும் துப்பாக்கிக்குச் செலவழிக்காமல் அதை வாங்குங்கள்.

இன்னொன்று. இந்தப் பதிப்பில் தி மிஸ்ஸிங் லிங்க் என்ற கூடுதல் பாகத்தைக் கதையின் நடுவிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு கப்பலில் கண் விழிப்பீர்கள். சேர்த்த திறன் எல்லாம் பறிபோயிருக்கும். நிறையப் பேர் அங்கே சலித்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், பிற்பாடு எல்லாம் திரும்பக் கிடைக்கும். அதில் விஷவாயு வருகிற இடம் ஒன்று உண்டு. கைதிகளைக் காப்பாற்றுவதா, சாட்சி சொல்லப்போகும் விஞ்ஞானியைக் காப்பாற்றுவதா என்று இரண்டே வழி காட்டுவார்கள். மூன்றாவது வழி இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். நேரம் ஓடும். தேடுங்கள்.